தவறை வெளியே விடும் கம்பெனி

பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது சான்றிதழ்ச் சுவர்தான். தர முத்திரைகள், விருதுகள், பயிற்சி முடித்தவர்களின் குழுப் படங்கள். மனிதவளப் பிரிவில் விசாரித்தால், போன வருஷம் ஆளுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தோம் என்று கணக்கோடு சொல்வார்கள். சொல்லாமல் இருக்க முடியுமா? 10 பேருக்குக் குறையாமல் மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள், சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்கு லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாகக் கட்டுகிறார்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு. 2021-ல் மேலும் பல துறைகளுக்கு விரிந்தது. கட்டிய பணத்தைப் பயிற்சிக்காகத்தான் கிளைம் செய்ய முடியும். அதனால், "லெவி மிச்சம் கிடக்குது, யாரையாவது ஒரு கோர்ஸுக்கு அனுப்பு" என்று பேச்சு வரும். ஹோட்டலில் இரண்டு நாள். காலையில் பசியாறல், மதியம் பஃபே, மாலையில் சான்றிதழ். திங்கட்கிழமை ஆள் வேலைக்குத் திரும்புவார். உற்பத்தி லைன் பழையபடியே ஓடும்.

ஒரு ஆள் கற்றுக்கொள்வது வேறு, அவர் வேலை பார்க்கும் கம்பெனி கற்றுக்கொள்வது வேறு. இரவு ஷிப்டில் ஒருவர் கண்டுபிடித்த கோளாறு, காலை ஷிப்டில் வருகிறவரின் வேலை முறையை மாற்றினால் கம்பெனி எதையோ கற்றது என்று சொல்லலாம். கண்டுபிடித்தவரின் தலைக்குள்ளேயே அது தங்கிவிட்டால், அவர் வேலையை விடும் நாளில் அதுவும் வாசலைத் தாண்டிப் போய்விடும். போட்டியாளர்களைவிட முன்னே போகிற நிறுவனங்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அதில் பாதி தலைவர்களின் தொலைநோக்கைப் பற்றியது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. வித்தியாசம் பெரும்பாலும் கீழே, ஒரு தவறு நடந்த அடுத்த அரை மணி நேரத்தில் இருக்கிறது.

மின்னணுத் துறையில் இருப்பவர்களுக்கு எட்டுப் படி அறிக்கை தெரிந்திருக்கும். ஃபோர்டு கம்பெனி 1980-களில் வகுத்தது. வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால், என்ன நடந்தது, மூல காரணம் என்ன, மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று படிப்படியாக எழுதிக் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். சிப்புகள் கறுப்புப் பிளாஸ்டிக் டிரேயில் அடுக்கி வரும். டிரேயின் ஒரு மூலை மட்டும் கொஞ்சம் சரிவாகச் செதுக்கியிருக்கும். அந்த மூலை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் மெஷினில் வைக்க வேண்டும். இரவு 3 மணிக்கு ஒரு டிரே திரும்பி உட்கார்ந்துவிட்டது. சரக்கு வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து புகார் வருகிறது. அறிக்கையில் இப்படி எழுதுவார்கள்: மூல காரணம், ஆப்பரேட்டரின் கவனக்குறைவு. திருத்த நடவடிக்கை, ஆப்பரேட்டருக்கு மறுபயிற்சி. கூடவே வருகைப் பட்டியல், கையெழுத்துகள். மூன்று மாதம் கழித்து அதே தவறு நடக்கும், வேறு ஆப்பரேட்டர் கையில்.

விவரம் தெரிந்த வாடிக்கையாளர் இந்த இரண்டு வரியைக் கண்டதும் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார். டிரே ஏன் திரும்பியது? மூலை கண்ணுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? டிரேயும் கறுப்பு, அதை வைக்கிற மேடையும் கறுப்பு, மேலே விளக்கு மங்கல். இதை யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். ஷிப்ட் மாறும்போது எழுதிவைக்கிற பாஸ்டவுன் புத்தகத்தில் எழுதியும் வைத்தார்கள்; படித்தவர் யாருமில்லை. இவ்வளவும் தெரிந்தபிறகு தீர்வு சுலபம். தப்பான பக்கம் வைத்தால் டிரே உட்காரவே உட்காராதபடி மேடையில் ஒரு சின்ன முளை அடித்தால் போதும். இதைத்தான் ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் போகா-யோக்கே என்று பிரபலமாக்கினார். மனிதன் தூங்கி வழிந்தாலும் தவறு நடக்க வழியில்லாமல் பண்ணுவது. சில வெள்ளிச் செலவு.

ஆனால் அங்கேயும் கதை முடியவில்லை. டிரே சரியாகத் தெரியவில்லை என்று சந்தேகப்பட்ட ஆப்பரேட்டர் ஏன் மெஷினை நிறுத்தவில்லை? நிறுத்தினால் அந்த மணி நேர எண்ணிக்கை குறையும். குறைந்தால் லைன் லீடருக்குத் திட்டு விழும். லைன் லீடருக்கு விழுந்தால் ஆப்பரேட்டருக்கு இரண்டு மடங்காக விழும். அப்படியென்றால் கோளாறு எண்ணிக்கை விதியில் இருக்கிறது. ஹார்வர்டில் இருந்த கிறிஸ் ஆர்ஜிரிஸ் 1970-களில் எழுதிப் புகழ்பெற்ற வேறுபாடு இதுதான். ஏர்கான் 24 டிகிரியில் வைத்திருந்தால், அறை சூடாகும்போது தானே ஓடும், குளிர்ந்தால் தானே நிற்கும். அது ஒற்றைச் சுற்றுக் கற்றல். ஏன் 24, யாருக்காக 24 என்று கேட்பது இரட்டைச் சுற்று. முளை அடிப்பது முதல் வகை. எண்ணிக்கை விதியைத் தொடுவது இரண்டாவது. முதல் வகையைப் பல கம்பெனிகள் நன்றாகவே செய்கின்றன. இரண்டாவதைத் தொட்டால் யாரோ ஒரு மேனேஜர் போட்ட விதியைத் தொட வேண்டும், அங்கேதான் கூட்டம் அமைதியாகிவிடும்.

ஆர்ஜிரிஸ் இன்னொன்றும் சொன்னார், அது நம் ஊர் அலுவலகங்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். மெத்தப் படித்தவர்கள்தான் கற்றுக்கொள்வதில் மோசம் என்றார். பள்ளி, பல்கலைக்கழகம், வேலை என்று எங்கேயும் தோற்றுப் பழகாதவர்கள், தோல்வி வந்ததும் அடுத்தவர்மேல் பழி போடுவதில்தான் மூளையைச் செலவழிப்பார்களாம். கன்சல்டன்ட்டுகளைப் பார்த்து எழுதியது அது.

சரி, தவறைச் சொன்னால் என்ன ஆகும் என்ற பயம் எவ்வளவு பெரிய விஷயம்? ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். கணக்கு நேர்மாறாக வந்தது. நன்றாக ஒத்துழைக்கிற குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. அங்கே தவறுகள் அதிகம் நடக்கவில்லை, அதிகம் வெளியே வந்தன. மற்ற வார்டுகளில் தலைமைத் தாதிக்குப் பயந்து மூடி மறைத்தார்கள். பிறகு 1999-ல் ஒரு தொழிற்சாலையின் 51 குழுக்களை வைத்து அவர் வெளியிட்ட ஆய்வும் இதையே ஒட்டி வந்தது: பேசினால் தலை போகாது என்ற நம்பிக்கை உள்ள குழுக்களே கற்றுக்கொள்கின்றன, கற்றுக்கொள்கிற குழுக்களே நன்றாக வேலை செய்கின்றன. ஆக, தவறே பதிவாகாத ஒரு பிரிவைப் பார்த்தால் முதலாளி சந்தோஷப்படக் கூடாது, கவலைப்பட வேண்டும்.

இதை மலேசியாவில் வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடமான இடத்துக்கு வந்து சேர்வோம். லைனில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பெர்மிட்டில் வந்தவர்கள். அவர்களுடைய பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது; வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையே போய்விடும். அந்த நிலையில் இருப்பவரிடம் "கோளாறு பார்த்தால் தைரியமாகச் சொல்லுங்கள்" என்று சுவரில் எழுதி ஒட்டி என்ன பயன்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அவருக்கென்ன தலையெழுத்தா? மெஷினுக்கு மிக அருகில் நிற்பவர் அவர்தான், கோளாறை முதலில் பார்ப்பவரும் அவர்தான், சொன்னால் அதிகம் இழக்கப்போகிறவரும் அவர்தான். புதுமை, கண்டுபிடிப்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் பெர்மிட் விதிகளைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

ஆட்கள் மாறாமல் விதி மட்டும் மாறினால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஒரு புகழ்பெற்ற சாட்சி உண்டு. ஃப்ரீமான்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை, வேலைக்கு வராதவர்களும் வேலைநிறுத்தமும் தரக்கேடுமாகப் பேர் கெட்டு 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதையே திறந்தார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். ஆனால் இப்போது ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு. கோளாறு தெரிந்தால் இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். சரிசெய்ய முடியாவிட்டால் லைனே நிற்கும். இழுத்தவருக்குத் திட்டு கிடையாது. இரண்டொரு வருஷத்தில் அந்த ஆலையின் தரம் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு இதைக் கொண்டுபோகப் பல வருஷம் திணறியது. கயிற்றைக் கட்டினார்கள், இழுத்தவரைத் திட்டுகிற பழக்கத்தை விடவில்லை. 2009-ல் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டது. ஃப்ரீமான்ட் ஆலை மறு வருஷம் டெஸ்லா கைக்குப் போனது.

இனி பினாங்குக்கு வருவோம். 1969-ல் தீவின் சுதந்திரத் துறைமுக அந்தஸ்து (சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற சலுகை) போனபோது வேலையின்மை தலைவிரித்தாடியது. அந்த வருஷம் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, 1972-ல் பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் சுதந்திர வர்த்தக மண்டலத்தைத் தொடங்கினார். முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை எட்டு சாமுராய்கள் என்று இன்றும் சொல்வார்கள், இன்டெல், எச்.பி., ஏஎம்டி, பாஷ், ஹிட்டாச்சி எல்லாம் அதில் அடக்கம். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தொடங்கிய முதல் தொழிற்சாலையே இங்கேதான். அப்போது நடந்தது சாதாரண ஒட்டுவேலை, கோர்ப்புவேலை. இன்று உலகின் சிப் சோதனை, பேக்கேஜிங் (சிப்பை உறைக்குள் பொருத்துவது) வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது, அதன் மையம் பினாங்கு.

குறைந்த கூலியைத் தேடி வந்தவர்கள், கூலி ஏறியதும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சிலர் போகவும் செய்தார்கள். ஆனால் இங்கே பலர் தங்கியதற்கு ஒரு காரணம், கற்றல் ஒரு கம்பெனியின் மதிலுக்குள் அடைபடாமல் ஊருக்குள் கசிந்தது. 1980-களின் பிற்பகுதியில் எல்லா முதலாளிகளுக்கும் ஒரே தலைவலி: நான் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்த டெக்னீஷியனை எதிர்வரிசைக் கம்பெனிக்காரன் 100 வெள்ளி கூடக் கொடுத்து இழுத்துக்கொள்கிறான், பிறகு நான் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? எல்லாரும் இப்படி நினைத்தால் யாருமே சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். 1989-ல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் இந்த முடிச்சைக் கெட்டிக்காரத்தனமாக அவிழ்த்தது. மாநில அரசு இடம் தந்தது. சந்தையில் அடித்துக்கொள்கிற கம்பெனிகள் மெஷின்களையும் பயிற்சியாளர்களையும் தந்தன. என்ன பாடம் நடத்துவது என்பதை அதிகாரிகளிடம் விடாமல் கம்பெனிக்காரர்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். போட்டியாளர்களின் ஆட்கள் ஒரே மெஷினைச் சுற்றி நின்று படித்தார்கள். என் ஆளை நீ இழுத்தாலும், உன் செலவும் அதில் இருக்கிறது, கணக்கு நேராகிவிடும். மூன்று வருஷம் கழித்து வந்த லெவிச் சட்டத்திலும் இதே தர்க்கம்தான், எல்லாரும் கட்டு, எல்லாரும் எடு. ஆனால் பாடத்தைத் தொழிலே தீர்மானிப்பது என்ற உயிர்நாடி, சட்டமாக நாடு முழுக்கப் பரவும்போது கொஞ்சம் நீர்த்துப்போனது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆட்கள் வெளியே போனதும் முழு நஷ்டமில்லை. எச்.பி.யிலும் அதன் வழி வந்த ஆஜிலென்டிலும் வேலை பார்த்த பொறியாளர்கள் 2000-ல் தொடங்கிய விட்ராக்ஸ், இன்று கேமராவால் சிப்புகளைச் சோதிக்கும் மெஷின்களை வெளிநாட்டுக்கு விற்கிறது. அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு, வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் ஜிக்கும் ஃபிக்ஸ்சரும் செய்து கொடுத்த சின்னப் பட்டறைகள், வாடிக்கையாளரின் திட்டு மூலமாகவே துல்லியம் கற்றன. நுணுக்கம் கேட்கிற வாடிக்கையாளர் அமைவதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை.

நம் ஆட்களுக்கும் இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கிகளில் (வணிகக் கூடங்களில்) செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய காலத்தில், ஒரே கூடத்துக்குள் பல மார்க்காக்கள், அதாவது தனித்தனி முதலாளிகளின் கடைகள், ஆளுக்கொரு பெட்டியோடு உட்கார்ந்திருக்கும். சிறுவனாக வந்தவன் பெட்டியடிப் பையன். ஏடு எழுதவும் ஆள் பார்த்துக் கடன் கொடுக்கவும் பக்கத்தில் இருந்தே பழகி, அடுத்தாளாகி, பிறகு மேலாளாவான். கடையை நடத்தும் ஏஜென்ட் பொதுவாக மூன்று வருஷத்தில் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பலேறுவார். அடுத்தவர் அதே ஏட்டிலிருந்து தொடங்குவார். ஆள் மாறினாலும் அறிவு கடையில் தங்க வேண்டும் என்பதற்காகவே அமைத்தது போன்ற ஏற்பாடு. ஆனால் செய்யத் தெரிந்த ஒன்றையே மேலும் மேலும் திறமையாகச் செய்ததில் ஒரு ஆபத்து இருந்தது. பர்மாவில் நெல் நிலத்தின்மேல் கொடுத்த கடன் 1930-களின் நெருக்கடியில் திரும்பவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பணம் மண்ணாக மாறியபிறகு எடுத்துக்கொண்டு ஓட வழியில்லை.

ஜேம்ஸ் மார்ச் என்ற அறிஞர் 1991-ல் இதை ஒரு பொது விதியாகவே எழுதினார். தெரிந்ததையே பயன்படுத்திக்கொள்வதில் லாபம் உடனே தெரியும். தெரியாததைத் தேடுவதில் நஷ்டம் உடனே தெரியும். அதனால் நன்றாக நடக்கிற நிறுவனம் எதுவுமே தேடலை மெல்ல மெல்லக் கைவிடும். கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-லேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். ஃபிலிம் விற்றுக் கொழித்த கம்பெனி 2012-ல் திவாலானது. இதைச் சொல்லாத மேலாண்மை வகுப்பு இல்லை, அதனால் இதோடு விட்டுவிடுகிறேன்.

இன்டெல் கதை இதைவிடச் சுவையானது. மெமரி சிப்பில்தான் அந்தக் கம்பெனி பிறந்தது. 1980-களில் ஜப்பானியர்கள் விலையிலும் தரத்திலும் நசுக்கினார்கள். 1985-ல் கம்பெனியின் தலைவர்களில் ஒருவரான ஆண்டி குரோவ், இன்னொரு தலைவரான கார்டன் மூரிடம் கேட்டாராம்: நம்மைத் துரத்திவிட்டுப் புது ஆளைக் கொண்டுவந்தால் அவன் என்ன செய்வான்? மெமரியை விட்டு வெளியேறுவான் என்றார் மூர். அப்படியென்றால் நாமே கதவுக்கு வெளியே போய்த் திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ். எல்லாரும் மேற்கோள் காட்டும் கட்டம் இது. ஆனால் அதிகம் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. அந்த உரையாடலுக்கு முன்பே, இன்டெல்லின் ஆலைகளில் மெமரிக்கான இடம் பெரும்பாலும் மைக்ரோபிராசசருக்குப் போய்விட்டிருந்தது. எந்தச் சிப் ஒரு வேஃபருக்கு (சிப்புகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டுக்கு) அதிக லாபம் தருகிறதோ அதற்கே ஆலையில் முன்னுரிமை என்ற எளிய விதி. நடுமட்ட மேனேஜர்கள் மாதாமாதம் அந்த விதிப்படி நடந்தார்கள். மேலே இருந்தவர்கள் மெமரிதான் நம் உயிர் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, கீழே கம்பெனி கற்றுக்கொண்டு நகர்ந்துவிட்டது. தலைவர்களின் பெருமை, கடைசியில் அதை ஒத்துக்கொண்டதில் இருக்கிறது.

அதே இன்டெல் பின்னாளில் கைப்பேசிச் சிப்பைக் கோட்டைவிட்டது. செயற்கை நுண்ணறிவுச் சிப்பில் என்விடியாவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. லாபத்துக்கு முன்னுரிமை என்ற அதே வகைக் கணக்கு, 1980-களில் காப்பாற்றியது. அதுவே பின்னாளில், கைப்பேசிச் சிப்பில் லாபம் மெல்லியது என்று காட்டி, இருக்கும் இடத்திலேயே உட்காரவைத்தது. எப்போதும் முந்திக்கொண்டே இருக்கும் நிறுவனம் என்று யாராவது விற்க வந்தால், விலையைக் கேட்காமல் அனுப்பிவிடலாம்.

நிறுவனங்கள் மறக்கவும் செய்யும். விமானத் தொழிலில், மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் வேலை நேரம் ஏறக்குறைய 20 விழுக்காடு குறையும் என்று 1936-லேயே கண்டார்கள். ஆனால் லாக்ஹீட் கம்பெனி டிரைஸ்டார் விமானத்தின் உற்பத்தியை 1970-களின் நடுவில் குறைத்து, பிறகு கூட்டியபோது, ஒரு விமானத்துக்கு ஆகும் வேலை நேரம் முன்பைவிட ஏறிவிட்டது. இடையில் ஆட்கள் போய்விட்டார்கள், கைப்பழக்கமும் அவர்களோடு போய்விட்டது. பினாங்கில் நாசி கண்டார் கடைக்காரர்களைக் கேட்டால் இதற்கு ஆய்வே தேவையில்லை என்பார்கள். மாஸ்டர் மாறினால் குழம்பு மாறும். மந்தம் வந்ததும் முதலில் அனுபவசாலிகளை அனுப்பிச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற முதலாளிகள், அந்த மிச்சத்தோடு எதைச் சேர்த்து அனுப்புகிறார்கள் என்பது எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.

2024 மே மாதம் மலேசிய அரசு அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்குவோம் என்கிறது. பேக்கேஜிங்கைத் தாண்டிச் சிப் வடிவமைப்புக்குப் போவது நோக்கம். வடிவமைப்பில் கற்றல் வேறு மாதிரி. லைனில் டிரே திரும்பினால் சில நாளில் தெரிந்துவிடும். வடிவமைப்பில் செய்த பிழை, ஆலையிலிருந்து முதல் சிப் திரும்பி வரும்வரை மாதக்கணக்கில் தூங்கும்; அதற்குள் மாஸ்க்குக்கு (சிப்பின் வடிவத்தை அச்சிட உதவும் தகட்டுக்கு) மட்டுமே கோடிக்கணக்கில் செலவாகியிருக்கலாம். அதைத் தடுக்கும் ஒரே இடம், அனுப்புவதற்கு முன் நடக்கும் ரிவியூ கூட்டம். அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமான பெண், 20 வருஷ அனுபவமுள்ள அண்ணனிடம் "இந்த இடம் தப்பு" என்று சொல்ல வேண்டும். சொல்ல விடுகிற அண்ணன்கள் பலருக்கு இப்போது சிங்கப்பூரிலிருந்து இரண்டு மடங்குச் சம்பளத்தில் அழைப்பு வந்துகொண்டிருக்கிறது.